குன்னூர்ல நம்ம தெரு யாரோட லிமிட்? கவுன்சிலரால என்னதான் பண்ண முடியும்?

நீங்க கேட்டது இதுதானே: கோயம்புத்தூர்ல இருந்து குன்னூர் வந்து வெலிங்டன் தாண்டி ஒரு காலனியில வாடகைக்கு குடியேறியிருக்கீங்க, வீட்டு முன்னாடி கம்பத்துல லைட் எரியல, குப்பை வண்டி எப்பவாவதுதான் வருது, ஆனா நாலு வீடு தள்ளி இருக்கிற தெருவுல தினமும் குப்பை எடுக்கிறாங்க, ஒரு ஆபீஸ்ல போய் கேட்டா "அது எங்க லிமிட்ல வராது"ன்னு அனுப்பிட்டாங்க, அப்ப எங்களுக்கு கவுன்சிலர்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா, இருந்தா அவரால என்ன ஆகும்.

முதல்ல அவசரத்துக்கு ஒண்ணு சொல்லிடறேன். வீட்டு ஓனர்கிட்ட கடைசியா கட்டின வீட்டு வரி ரசீதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதுல மேல எந்த உள்ளாட்சி பேர் இருக்கோ அதுதான் உங்க ஆபீஸ். போஸ்டல் அட்ரஸை நம்பாதீங்க, "குன்னூர்"னு அட்ரஸ் இருக்கிறதால குன்னூர் நகராட்சின்னு ஆகிடாது, "வெலிங்டன்"னு பின்கோடு இருக்கிறதால கன்டோன்மென்ட்னும் ஆகிடாது. நான் பிளான் அப்ரூவல் விஷயமா இந்த ஆபீஸ் எல்லாத்துக்கும் வருஷக்கணக்கா நடக்கிற ஆளு, இன்னைக்கும் புதுசா ஒரு வேலை வந்தா மொதல்ல கேக்கிறது வரி ரசீதுதான்.

இப்ப ஏன் இப்படி குழப்பம்னு சொல்றேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டுல ஊட்டி பஸ் ஏறுங்க. கிளம்புற இடம் நகராட்சி, பிளாக் பிரிட்ஜ் தாண்டி வெலிங்டன்னு வந்தா அது கன்டோன்மென்ட் போர்டு, அதாவது டெல்லியில இருக்கிற பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ வர்ற உள்ளாட்சி. அப்புறம் அருவங்காடு, அங்க வெடிமருந்து ஃபேக்டரி எஸ்டேட் ஒரு பக்கம், 1904ல உற்பத்தி ஆரம்பிச்ச கார்டைட் ஃபேக்டரி, அதுக்குள்ள ரோடு லைட்டு தண்ணி எல்லாம் ஃபேக்டரியே பாத்துக்கும். சுத்தி இருக்கிறது ஜெகதளா பேரூராட்சி. இன்னும் மேல போனா எல்லநள்ளி, அது கேத்தி பேரூராட்சி. நடுநடுவுல உபதலை மாதிரி கிராம ஊராட்சி வேற வந்து ஒட்டிக்கும், இந்தப் பக்கம் கோத்தகிரி ரோட்டுல திரும்பினா எடப்பள்ளி, வண்டிச்சோலைன்னு அதுவும் ஊராட்சிதான். கடைசியில ஊட்டி நகராட்சி. மொத்தம் 18 கிலோமீட்டர் சொச்சம் ரோடு, இத்தனை ஆட்சி. நீங்க போற ரோடே இவங்க யாருக்கும் சொந்தம் இல்ல, அது என்.எச். 181, தேசிய நெடுஞ்சாலைக்காரங்க ரோடு. பக்கத்துல ஓடுற தண்டவாளமும் அதை ஒட்டின நிலமும் ரயில்வேது.

இது யாரோ உக்காந்து பிளான் போட்டு பிரிச்ச எல்லை இல்லங்க. 1850கள்ல ஜக்கதளாவுல வெள்ளக்காரன் பட்டாளத்துக்கு பாரக்ஸ் கட்டினான், அந்த இடத்துக்குத்தான் பின்னாடி வெலிங்டன்னு பேர் வெச்சான், அது அப்பவே ராணுவ நிலம். குன்னூரும் ஊட்டியும் 1866லயே நகராட்சி ஆச்சு, ரெண்டும் ஒரே வருஷம், அதனால அந்த எல்லை பழைய பங்களா, பஜார், மார்க்கெட் இதுகளைச் சுத்தி வரைஞ்சது. மீதி இருந்தது டீ எஸ்டேட்டும் படகர் ஹட்டிகளும், ஹட்டின்னா படகர் மக்களோட கிராமம். அதெல்லாம் அப்புறம் ஊராட்சி, பேரூராட்சின்னு ஆச்சு. ஜனம் பெருகப் பெருக வீடு எல்லையை எல்லாம் தாண்டி வந்துருச்சு, கோடு மட்டும் பழைய இடத்துலயே நிக்குது. அதான் உங்க தெருவுக்கும் நாலு வீடு தள்ளி இருக்கிற தெருவுக்கும் வித்தியாசம்.

சரி, ஒவ்வொண்ணா பாக்கலாம், ஆனா உங்களுக்கு எது பொருந்துமோ அதை மட்டும் எடுத்துக்கோங்க.

நகராட்சின்னா குன்னூருக்கு 30 வார்டு, ஊட்டிக்கு 36. 2022 பிப்ரவரி 19ல ஓட்டு போட்டு கவுன்சிலர் வந்தாங்க, அதுக்கு முன்னாடி 2016ல நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்ல ரத்தாகி அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலரே இல்லாம தனி அலுவலர்தான் ஓட்டினாங்க. இது ஏன் சொல்றேன்னா, அந்த கேப்ல ஜனங்களுக்கு "கவுன்சிலர்கிட்ட போ"ங்கிற பழக்கமே விட்டுப்போச்சு, நேரா எம்.எல்.ஏ. ஆபீஸ், இல்லைன்னா கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனுன்னு பழகிட்டாங்க. தலைவரை நாம நேரடியா தேர்ந்தெடுக்கிறது இல்ல, கவுன்சிலருங்க சேர்ந்து அவங்களுக்குள்ள ஒருத்தரை தேர்ந்தெடுப்பாங்க. 2011ல நேரடியா ஓட்டு போட்டோம், 2022ல மறுபடி மறைமுகத் தேர்தல், ஆட்சி மாறினா இதுவும் மாறும், அதை விடுங்க.

கவுன்சிலருக்கு பவர் என்னன்னு கேட்டீங்க. நேரா சொல்றேன், தனியா ஒருத்தரா அவருக்கு எந்த பவரும் கிடையாது. ஒரு பல்பு மாத்துறதுக்குக்கூட அவர் கையெழுத்து போட முடியாது. ஆர்டர் போடுறது ஆணையர், எஸ்டிமேட் போடுறது பொறியாளர் செக்ஷன், குப்பைக்கு துப்புரவு ஆய்வாளரும் மேஸ்திரியும், வரிக்கு பில் கலெக்டர், கட்டடத்துக்கு டவுன் பிளானிங் ஆய்வாளர். கவுன்சிலர் பண்ண முடியுறது மாசாமாசம் நடக்கிற மன்றக் கூட்டத்துல எழுந்து பேசுறது, வர்ற பொருள்களுக்கு ஓகே சொல்றது இல்ல எதிர்க்கிறது, தன் வார்டு வேலையை அஜெண்டாவுல ஏத்த வைக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கு இருக்கிற மாதிரி தொகுதி நிதின்னு ஒண்ணு கையில இல்ல. 2023 ஜூலைல இருந்து மாசம் 5,000 ரூபா மதிப்பூதியம் வருது, அதுக்கு முன்னாடி அதுவும் இல்ல. அப்ப நல்ல கவுன்சிலர், மோசமான கவுன்சிலர்னு எப்படி பாக்கிறதுன்னா, ஆபீஸ்ல எந்த டேபிள்ல ஃபைல் நிக்குதுன்னு தெரிஞ்சு அதைத் தள்ளத் தெரிஞ்சவர் நல்லவர், கூட்டத்துல கத்திட்டு வெளிநடப்பு பண்ணி பேப்பர்ல போட்டோ வந்தா போதும்னு இருக்கிறவரு வார்டுக்கு ஒண்ணும் ஆகாது. கட்சி இதுல பெரிய விஷயமே இல்ல, நான் எல்லா கட்சியிலயும் ரெண்டு வகையும் பாத்துட்டேன்.

அவங்க கூட்டத்துல அதிகமா கேக்கிறது என்ன தெரியுமா? கீழ்நாட்டுல, அதாவது சமவெளியில, கவுன்சிலர்னா ரோடு கேப்பாங்க, சாக்கடை கேப்பாங்க. இங்க தடுப்புச்சுவர். எந்த மன்றக் கூட்டத்துக்குப் போனாலும் தடுப்புச்சுவர், அடுத்தது நடைபாதை, அதாவது படிக்கட்டு. குன்னூர்ல பாதி வீட்டுக்கு வண்டி போகாது, ரோட்டுல இருந்து நூறு படி இறங்கணும், கேஸ் சிலிண்டரை தோள்லதான் தூக்கிட்டு வரணும், யாருக்காவது முடியாமப் போனா கட்டில்லயோ சேர்லயோ வெச்சு நாலு பேர் தூக்கிட்டு மேல ஏறணும். அந்தப் படிக்கு கைப்பிடி கம்பி போட்டுக் கொடுத்தவரை ஜனங்க அடுத்த எலெக்ஷன்லயும் ஞாபகம் வெச்சிருப்பாங்க. 2009 நவம்பர்ல மழை கொட்டி மாவட்டம் முழுக்க மண்சரிவு வந்து 40 பேருக்கு மேல செத்தாங்க, அதுல இருந்து அக்டோபர் பொறந்தாலே மேட்டுக்குக் கீழ வீடு இருக்கிற எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைக்கும். ஆனா ஒரு தடுப்புச்சுவர்னா லட்சக்கணக்குல ஆகும், மண்ணு எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாத்து கட்டணும், சும்மா கல்லை அடுக்கி சிமெண்ட் பூசி, தண்ணி போக ஓட்டை விடாம விட்டா ரெண்டு மழையில சுவரே வந்து வீட்டு மேல விழும். அப்படி விழுந்ததும் நிறைய இருக்கு. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம்னு 1975-76ல இருந்து நீலகிரிக்குன்னு தனியா ஒண்ணு ஓடுது, இந்த மாதிரி வேலைக்கு அதுல இருந்து பணம் வாங்க முடியும், ஆனா அது கலெக்டர் ஆபீஸ் வழியா போற விஷயம், மன்றத்துல தீர்மானம் போட்டுட்டா மட்டும் போதாது.

பணம்னு வந்ததால இதையும் சொல்லிடறேன், இங்கதான் நம்ம ஊரு நகராட்சிகளோட உண்மையான பிரச்சனை இருக்கு. 2011 கணக்குப்படி குன்னூர் நகராட்சி ஜனத்தொகை 45,494, ஊட்டி 88,430. வரி கட்டுறது அவ்ளோ பேரோட வீடும் கடையும்தான். ஆனா சீசன்ல வர்ற கூட்டம் எவ்ளோன்னு பாருங்க, ஐகோர்ட்டு 2024 மே 7ல இருந்து இ-பாஸ் கொண்டுவந்து, அதுக்கப்புறம் 2025 சீசனுக்கு மாவட்டத்துக்குள்ள வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு லிமிட் வெச்சும் ரோடு நகரல. இத்தனை பேர் போடுற குப்பையை எடுக்கிறது நகராட்சி, இவங்களுக்குத் தண்ணி, கழிப்பிடம் எல்லாம் நகராட்சி. ஆனா டிக்கெட் காசு? ஊட்டி பொட்டானிக்கல் கார்டனும் நம்ம சிம்ஸ் பார்க்கும் தோட்டக்கலைத் துறை, ஊட்டி போட் ஹவுஸ் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், தொட்டபெட்டா, பைன் ஃபாரஸ்ட் எல்லாம் வனத்துறை கையில. நகராட்சிக்கு மிச்சம் பார்க்கிங் ஏலமும் மார்க்கெட் கடை வாடகையும்தான். அந்த வாடகையும் சரியா வராது, 2021 ஆகஸ்ட்ல ஊட்டி மார்க்கெட்ல நூத்துக்கணக்கான கடைகளுக்கு பாக்கிக்காக சீல் வெச்சது எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. கடைக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, வாடகையை ஒரே அடியா பலமடங்கு ஏத்தினா யார் கட்டுவாங்க. கொடைக்கானல்ல இந்த விஷயத்துல கொஞ்சம் பரவாயில்ல, ஏரி நகராட்சி கையில இருக்கிறதால அதுக்குன்னு ஒரு வருமானம் இருக்கு.

ஊட்டி ரேஸ் கோர்ஸ் சமாச்சாரம் இதுக்கு நல்ல உதாரணம். ஊருக்கு நட்டநடுவுல 52 ஏக்கர். குத்தகை பாக்கின்னு 2024 ஜூலைல வருவாய்த் துறை மீட்டு தோட்டக்கலைத் துறை கையில கொடுத்துட்டாங்க, பார்க் வரப்போகுதுன்னு சொன்னாங்க. நல்ல விஷயமா கெட்ட விஷயமான்னு நான் பேச வரல, ஆனா ஊருக்கு நடுவுல அவ்ளோ பெரிய நிலத்தை என்ன பண்றதுன்னு முடிவு எடுக்கிற இடம் அந்த ஊர் நகர்மன்றம் கிடையாது. பார்க்கிங் இல்லாம ஊரே முழி பிதுங்குது, அதுக்கும் அங்க இடம் கேட்டு வாங்கணும். மலை ஊர்ல கவுன்சிலரா இருக்கிறதுன்னா இதான் நிலைமை, திட்டு வாங்குறது இவரு, முடிவு எடுக்கிறது வேற எங்கயோ.

தண்ணி விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். குன்னூருக்கு பெரிய ஆதாரம் ரேலியா அணை, வெள்ளக்காரன் காலத்துல கட்டினது, அது கூட வண்டிச்சோலை, ஜிம்கானா, கரடிப்பள்ளம்னு சின்னச் சின்ன தடுப்பணை. அதெல்லாம் பத்தாம எமரால்டு அணையில இருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டாங்க, அது குடிநீர் வடிகால் வாரியம் போட்ட திட்டம். அணை மின்வாரியத்தோடது, பைப்பு வர்ற வழி வனத்துறையோடது. நடுவுல யானையோ காட்டுமாடோ பைப்பை உடைச்சாலும் மரம் விழுந்து மோட்டாருக்கு கரண்ட் போனாலும் கீழ தெருவுல குடம் வெச்சிட்டு நிக்கிற அக்காங்க சண்டை போடுறது வார்டு கவுன்சிலர்கிட்ட. கோடையில வாரம் ஒருதடவை, சில இடத்துல அதுக்கும் மேல ஆகும், அதனால வாடகைக்கு வீடு பாக்கும்போது சிண்டெக்ஸ் டேங்க் எத்தனை லிட்டர்னு கேக்கிறது இந்த ஊர்ல ரொம்ப முக்கியம். போர் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, இந்த மாவட்டத்துல போர்வெல் போடுறதுக்கும் பொக்லைன் விட்டு மண்ணு எடுக்கிறதுக்கும் கலெக்டர் அனுமதி வேணும்.

குப்பையில மட்டும் குன்னூர் கொஞ்சம் பேர் வாங்கியிருக்கு. ஓட்டுப்பட்டறையில இருக்கிற கிடங்கை ஊர்ல இருக்கிற தன்னார்வலர்களும் நகராட்சியும் சேர்ந்து பிரிச்சு எடுக்கிற இடமா மாத்தினாங்க, மக்குற குப்பை உரமாகுது, பிளாஸ்டிக்கை கட்டி அனுப்பிடுறாங்க, பள்ளிக்கூடப் பசங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய் காட்டுறாங்க. ஒருதடவை போய்ப் பாருங்க. உங்க தெருவுல குப்பை வண்டி வரலைன்னு ஓரமா கொட்டிடாதீங்க தயவுசெஞ்சு, இங்க குப்பைன்னா நாய் மட்டும் வராது, கரடி வரும். நாயைத் தேடி சிறுத்தையும் வரும். லைட் எரியாத தெருவுல இது விளையாட்டு இல்ல, அதனாலதான் தெருவிளக்குக்காக இங்க ஜனங்க அவ்ளோ சண்டை போடுறாங்க.

கன்டோன்மென்ட் பத்தி சுருக்கமா. தமிழ்நாட்டுல ரெண்டே ரெண்டு இடத்துலதான் இருக்கு, சென்னையில பரங்கிமலை-பல்லாவரம், அப்புறம் நம்ம வெலிங்டன். போர்டு தலைவர் ராணுவ அதிகாரி, நிர்வாகம் பாக்கிறது சி.இ.ஓ., பேருக்கு மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள்னு இருந்தாங்க, அவங்க பதவிக்காலம் 2021ல முடிஞ்சுபோச்சு. 2023 ஏப்ரல் 30ல நாடு முழுக்க 57 கன்டோன்மென்ட்ல தேர்தல்னு அறிவிச்சாங்க, மார்ச்லயே ரத்து பண்ணிட்டாங்க. சிவில் ஏரியாவை பிரிச்சு பக்கத்து உள்ளாட்சியோட சேத்துடறதுன்னு மத்திய அரசு ஒரு முடிவுல இருக்கிறதுதான் காரணம். வெலிங்டன் பஜார்ல பேசிப் பாத்தீங்கன்னா ரெண்டு கருத்து இருக்கு. சேத்துட்டா மாநில அரசுத் திட்டம் எல்லாம் கிடைக்கும், வீட்டு ஓடு மாத்துறதுக்குக்கூட பர்மிஷன் கேட்டு அலைய வேண்டாம்னு ஒரு கோஷ்டி. நகராட்சியோட போனா இப்ப இருக்கிற சுத்தமும் போயிடும்னு இன்னொரு கோஷ்டி. என்னைக் கேட்டா ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா ஓட்டு போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாத உள்ளாட்சி எத்தனை சுத்தமா இருந்தாலும் எனக்கு ஒத்துக்காது.

பேரூராட்சின்னா கவுன்சிலர் உண்டு, அதுவும் 2022 தேர்தல்தான், ஆபீஸ்ல பெரிய ஆள் செயல் அலுவலர், எல்லாரும் இ.ஓ.ன்னு சொல்லுவாங்க. கேத்தி, ஜெகதளா, உலிக்கல், அதிகரட்டின்னு பேர்தான் பேரூராட்சி, போய்ப் பாத்தா டவுன் மாதிரியே இருக்காது, மலைச்சரிவுல அங்கங்க ஹட்டி, நடுவுல கேரட் தோட்டமும் டீத் தோட்டமும். ஹட்டிக்குள்ள வீடு எடுத்திருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, கவுன்சிலருக்கு முன்னாடி ஊர் தலைவரும் ஊர் கமிட்டியும் இருக்காங்க. தண்ணி லைன் எப்ப திறக்கிறது, பாதையில வண்டி நிறுத்தலாமா கூடாதாங்கிற மாதிரி விஷயம் ஊர்க்கூட்டத்துலயே முடிஞ்சிடும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆபீஸ் போனா பாதி வேலை அங்கயே முடிஞ்சிருக்கும். எஸ்டேட் லைன் வீடா இருந்தா இன்னும் வேற, 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல இருந்தே அங்க வீடு, தண்ணி, கழிப்பிடம் எஸ்டேட் நிர்வாகத்தோட பொறுப்பு. கூடலூர் பக்கம் செக்ஷன் 17 நிலத்துல, அதாவது ஜென்ம நில ஒழிப்புச் சட்டப்படி யாருக்குன்னு இன்னும் முடிவாகாத நிலத்துல இருக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம், நகராட்சி எல்லைக்குள்ள இருந்தும் பட்டா இல்லாததால கரண்டுக்கே பல வருஷம் போராடினவங்க அவங்க, அது தனிக்கதை, இங்க எழுதினா முடியாது.

நீங்க சொல்ற அடையாளத்தை வெச்சுப் பாத்தா, வெலிங்டன் தாண்டி, குப்பை எப்பவாவது, நாலு வீடு தள்ளி தினமும், எனக்கென்னவோ உங்க வீடு உபதலை ஊராட்சியில இருக்கும்னு தோணுது, அந்தப் பக்கத்துத் தெரு பேரூராட்சியாவோ கன்டோன்மென்டாவோ இருக்கும். ரசீது பாத்தா தெரிஞ்சிடும். ஊராட்சின்னா கவுன்சிலர் கிடையாது, தலைவரும் வார்டு உறுப்பினரும்தான், அவங்களை 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்தோம், 2025 ஜனவரி 5ஓட அவங்க காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்குப் போயிடுச்சு. பழைய தலைவர் வீட்டுக்குப் போனா "நான் இப்ப பதவியில இல்லைங்க"ன்னுதான் சொல்லுவார், ஆனா பல பேர் பழக்கத்துக்கு ஃபோன் போட்டு சொல்லிவிடுவாங்க, அதையும் விடாதீங்க. முறைப்படி போகணும்னா ஊராட்சி செயலர், அவர் அசையலைன்னா குன்னூர் பி.டி.ஓ. ஆபீஸ். கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வர்ற தேதிக்கு காலனி ஆளுங்க பத்துப் பேரா போய் உக்காந்து தெருவிளக்கையும் குப்பையையும் தீர்மானப் புக்குல எழுத வெச்சுட்டு வாங்க, ஒரு ஆளா போய் கத்துறதும் பத்துப் பேர் கையெழுத்து போடுறதும் ஒண்ணில்ல. நகராட்சியிலயும் பேரூராட்சியிலயும் இதே மாதிரி ஏரியா சபைன்னு 2022 நவம்பர்ல இருந்து ஆரம்பிச்சாங்க, நிறைய வார்டுல அது நடக்கிறதே யாருக்கும் தெரியாது, கவுன்சிலர்கிட்ட எப்பன்னு கேட்டுட்டே இருங்க.

லைட்டுக்கு மட்டும் கடைசியா ஒண்ணு. கம்பம் மின்வாரியத்தோடது, பல்பும் அதுக்குக் கட்டுற கரண்ட் பில்லும் உள்ளாட்சியோடது. ஒரே ஒரு பல்பு எரியலைன்னா உள்ளாட்சியில சொல்லுங்க, வரிசையா எல்லாமே எரியலைன்னா லைன்ல பிரச்சனை, ஈ.பி. செக்ஷன் ஆபீஸ்ல சொல்லுங்க. எங்க போனாலும் கம்பத்துல எழுதியிருக்கிற நம்பரை குறிச்சிட்டுப் போங்க, நம்பர் இல்லாம "எங்க வீட்டு முன்னாடி"ன்னா லைன்மேன் வந்து பாத்துட்டு இடம் தெரியாம திரும்பிப் போயிடுவார். ரெண்டு பக்கமும் அசையலைன்னா 1100க்கு ஃபோன் போட்டு புகார் நம்பர் வாங்கிடுங்க, அந்த நம்பரோட மறுபடி அதே ஆபீஸ் போனா பேசுற விதமே வேற மாதிரி இருக்கும். ரசீது கிடைச்சதும் எந்த உள்ளாட்சின்னு இங்க போடுங்க, யார்கிட்ட எந்த நேரத்துல போனா பிடிக்கலாம்னு சொல்றேன்.